சக்கர உயரமும் பயணச் சுகமும்: கட்டை வண்டியிலிருந்து உயரம் குறைத்த கார் வரை

அதிராம்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டை வட்டத்தில் பாக் நீரிணைக் கரையில் அமைந்த ஊர். ஒரு பக்கம் உப்பளங்கள், மீன்பிடித் துறை. மறுபக்கம் தென்னந்தோப்புகளும் காவிரிக் கடைமடை வயல்களும். உப்பும் நெல்லும் வண்டியேறிய ஊர் என்பதால் சக்கரம் எவ்வாறு மாறி வந்தது என்பதைப் படிக்க இது ஏற்ற இடம்.

இன்று ஊரின் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. அதில் ஓடும் கார்களில் சில, அழகுக்காகவும் வேகத்துக்காகவும் சுருள்வில்லை மாற்றி உயரம் குறைக்கப்பட்டவை. அத்தகைய காருக்கு எந்த அளவுச் சக்கரமும் டயரும் போட்டால் உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் குறையும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி புதிதுபோலத் தோன்றினாலும், சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அதிர்ச்சியை யார் தாங்குவது என்ற அதன் இரு பகுதிகளும் கட்டை வண்டிக் காலத்தவை.

கட்டை வண்டியும் வில் வண்டியும்

டெல்டாவின் பழைய பார வண்டிக்கு ஆளின் மார்பளவு உயரச் சக்கரம் இருந்தது. நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றின் முனைகளைப் பிடித்து நிற்கும் வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டை. பெரும்பாலும் கருவேல மரத்தில்தான் சக்கரம் செய்தார்கள். இரும்புப் பட்டையை வட்டையின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறிதாக வளைத்து, வறட்டி அடுக்கித் தீ மூட்டிச் சிவக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி வட்டையையும் ஆரக்கால்களையும் இறுக்கிப் பிடித்துவிடும். வெப்பத்தால் உலோகம் விரியும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

சக்கரம் ஏன் அவ்வளவு உயரம்? பள்ளத்தில் சிறிய சக்கரம் அடிவரை இறங்கும். பெரிய சக்கரம் பள்ளத்தின் இரு விளிம்புகளையும் தொட்டபடி கடந்துவிடும். மேட்டில் ஏறும்போதும் பெரிய சக்கரத்துக்குச் சரிவு மெதுவாக வரும். மாடு இழுக்க வேண்டிய விசை குறையும். வாய்க்காலில் இறங்கி ஏற வேண்டிய வயல்பாதையில் மூட்டை நனையாமல் இருக்கவும் இந்த உயரம் உதவியது. ஆனால் வட்டையும் பட்டையும் வளைந்து கொடுக்காதவை. சாலையிலுள்ள ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் அச்சு வழியாக வண்டிக்கும், ஏர்க்கால், நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்துக்கும் நேராகப் போனது.

மூட்டைக்குக் குலுக்கல் தெரியாது. கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது தெரியும். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் படுக்கை விரிப்பது எளியவர் வழி. வசதியுள்ளவர் வில் வண்டி வைத்திருந்தார். அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்து வைத்ததைத் தமிழில் வில் என்றே அழைத்தனர். அதனால் வண்டிக்கும் அப்பெயர். இன்றைக்கும் லாரிப் பட்டறைகளில் அடுக்குப் பட்டைக்கு ‘வில்’, ‘பட்டா’ என்ற பெயர்கள் வழங்குகின்றன. சஸ்பென்ஷன் என்ற ஆங்கிலச் சொல் வருமுன்பே அந்தப் பொருளுக்கு நல்ல தமிழ்ச் சொல் இருந்திருக்கிறது.

சக்கரமே பெரிதாக இருந்தால் போதாது, அதிர்ச்சியை ஏற்கும் ஒன்று நடுவில் வேண்டும் என்பதை வில் வண்டி காட்டியது. இதற்கு மாறான எடுத்துக்காட்டு பக்கத்திலேயே உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. செய்து தந்தது திருச்சி பெல் நிறுவனம். தேருக்கு வில் இல்லை, தேவையும் இல்லை. அது போகும் வேகம் அப்படி.

பால்மரமும் காற்றும்

காற்றையே வில்லாக்கலாம் என்று முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். ஆண்டு 1845. குதிரை வண்டிகளில் பொருத்திப் பார்த்தார். இழுவை குறைந்தது, ஓசையும் குறைந்தது. ஆனால் அன்று ரப்பர் அருமையான பொருள். அவருடைய கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதையே மீண்டும் கண்டுபிடித்தார். 1895இல் மிஷ்லின் சகோதரர்கள் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினர்.

டயரின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ரப்பர் எங்கிருந்து வந்தது என்ற பகுதி தஞ்சை மாவட்டத்துக்கு நெருக்கமானது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் பின் மலாயாவுக்கும் போயின. மோட்டார் கார் பெருகப் பெருக மலாயாவில் பால்மரத் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். காங்காணிகள் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களில் ஆள் சேர்த்தனர். நாகப்பட்டினத்தில் குடியேற்ற முகாம் இருந்தது. அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல். 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை இது நடந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபின், தோட்டத் தமிழர்களில் பல்லாயிரவர் சயாம் – பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். உலகச் சாலைகளின் குலுக்கலைக் குறைத்த பொருளில் இவர்களின் உழைப்பு இருக்கிறது. பாடநூல்களில் டன்லப்புக்குக் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

டயர் வண்டி

1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அதனோடு சேர்ந்த கல்லணைக் கால்வாய், பட்டுக்கோட்டைப் பகுதியின் வானம் பார்த்த நிலங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. ஊரார் அதைப் புது ஆறு என்றனர். நெல் கூடியது, வண்டியேற்றும் பாரமும் கூடியது. இரும்புப் பட்டைச் சக்கரம் கப்பிச் சாலையை அரைத்துப் பொடியாக்குகிறது என்பது சாலைப் பொறியாளர்களின் நீண்டகாலக் குறை.

டன்லப் நிறுவனம் வங்காளத்தின் சாகாகஞ்சில் 1936இல் டயர் தொழிற்சாலை தொடங்கியது. கால்நடை இழுக்கும் வண்டிக்கென்று தனி டயர்களும் சந்தைக்கு வந்தன. வடஇந்தியாவில் பல இடங்களில் அவ்வகை வண்டிக்கே ‘டன்லப்’ என்று பெயர். தமிழ்நாட்டில் அது டயர் வண்டி.

டயர் வண்டியின் சக்கரம் மரச் சக்கரத்தைவிட மிகச் சிறியது. தளம் தாழ்ந்தது, மூட்டை ஏற்றுவது எளிது. உருளைத் தாங்கிகள் இருந்ததால் தார்ச்சாலையில் அதே மாடு கூடுதல் பாரம் இழுத்தது. சக்கரம் சிறிதானபோதும் குலுக்கல் குறைந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. உயரத்தால் கிடைத்த சுகத்தைவிடக் காற்றால் கிடைத்த சுகம் பெரிது. ஆனால் சேறும் பள்ளமுமான வயல்பாதையில் மரச் சக்கரத்தின் சாதகம் முழுவதும் போகவில்லை. விலையும் குறைவு, உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம். பஞ்சர் இன்னொரு தொல்லை. மரச் சக்கரத்துக்கு உடம்பு தந்த கருவேலமே முள்ளால் டயரைக் குத்தியது.

மதுரையில் 1912இல் பேருந்து தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகளைச் சாலையிலிருந்து காந்தம் வைத்துப் பொறுக்க ஏற்பாடு செய்தார் என்று சொல்வதுண்டு. ரப்பர் டயர் அன்று அவ்வளவு காக்கப்பட வேண்டிய பொருளாக இருந்தது.

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி 1970களில் மாட்டு வண்டியைச் சீர்திருத்தப் பாடுபட்டார். மாட்டின் கழுத்துச் சுமை குறைய வேண்டும் என்பது அவர் வலியுறுத்தியவற்றில் முக்கியமானது. பயணச் சுகம் என்று பேசும்போது இழுக்கும் உயிரையும் கணக்கில் சேர்த்தவர் அவர். பின்னர் டிராக்டர் டிரெய்லர் வந்தது. வண்டி மாடுகள் குறைந்தன.

அம்பாசடரின் மெத்தை

தஞ்சைப் பகுதிச் சாலைகளில் நீண்ட காலம் வாடகைக் காராக ஓடிய அம்பாசடர் 1957இல் வந்தது. அதன் டயர் அளவு 5.90-15. அதாவது அகலம் 5.90 அங்குலம், இரும்பு வளையத்தின் விட்டம் 15 அங்குலம். பக்கச்சுவரின் உயரம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். பின்புறம் அடுக்குப் பட்டை வில், அதாவது வில் வண்டியின் நேர் வாரிசு. பத்மினியின் டயர் 5.20-14, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 5.20-13. மாமன், மச்சான், குழந்தைகள் என எட்டுப் பேர் ஏறினாலும் அம்பாசடர் மெத்தைபோல் போனதற்கு இருக்கை மட்டும் காரணமன்று. அந்தப் பதினான்கு சென்டிமீட்டர் ரப்பர்ச் சுவரும் காரணம்.

டயர்த் தொழிலும் அதற்குள் சென்னைக்கு வந்திருந்தது. கே.எம். மாமன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952இல் டயர் மேல்பூச்சு ரப்பருக்கும் பின்னர் டயருக்கும் மாறியது. மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் இந்தியாவில் 1970களின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. இழைகள் குறுக்கு மறுக்காக ஓடாமல் நேராக ஓடுவதால் ரேடியல் குறைவாகச் சூடாகும், நீண்ட நாள் உழைக்கும், வளைவில் நன்றாகப் பிடிக்கும். பக்கச்சுவரைத் தாழ்த்தவும் அதுவே வழிவிட்டது. பந்தயக் காரிலும் விலை உயர்ந்த காரிலும் தொடங்கிய தாழ்ந்த சுவர் டயர் மெல்ல எல்லாக் கார்களுக்கும் வந்தது.

எண்களைப் படிப்பது

இன்றைய டயரில் 185/65 ஆர் 15 என்று எழுதியிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர்; பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது சுமார் 120 மி.மீ.; ஆர் என்பது ரேடியல்; வளைய விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. இரண்டு சுவர்களையும் கூட்டினால் மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ.

வளையத்தைப் பெரிதாக்குபவர் 205/45 ஆர் 17 போடுகிறார் என்று கொள்வோம். மொத்த விட்டம் சுமார் 616 மி.மீ. பெரிய மாற்றமில்லை, வேகமானி ஏறத்தாழ சரியாகவே காட்டும். ஆனால் பக்கச்சுவர் 92 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. காற்று மெத்தையில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. சக்கரம் பெரிதானதாகக் கண்ணுக்குத் தெரிகிறது; பள்ளத்தைக் கடக்கும் வெளி விட்டமோ பெரிதாகவில்லை. கூடியது உலோகம், குறைந்தது காற்று. ஒருவகையில் இது இரும்புப் பட்டைச் சக்கரத்தை நோக்கித் திரும்பும் பயணம்.

எதிர்த்திசையிலும் போகலாம். 185/70 ஆர் 14 போட்டால் மொத்த விட்டம் சுமார் 615. பக்கச்சுவர் 129 மி.மீ.க்கு மேல். காரின் பிரேக் அமைப்பு 14 அங்குல வளையத்துக்குள் அடங்குமானால் சுகத்துக்கு இது நல்லது. அடங்காவிட்டால் நிறுவனம் தந்த அளவோடு நிற்பதே சரி.

டயர் தாங்கும் எடைக் குறியையும் பார்க்க வேண்டும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. அழகான தாழ்ந்த டயர் பலவற்றில் இந்த எண் குறைவு. திருமணத்துக்கு ஐந்து பேரும் சீர்வரிசைப் பெட்டிகளும் ஏறும் காரில் அது விளையாட்டன்று.

உயரம் குறைத்தபின்

காரை 40 மி.மீ. தாழ்த்தினால், வில் அமுங்க மிஞ்சிய இடமும் குறைகிறது. அமுங்க இடமில்லாதபோது அடித்தளம் தடுப்பு ரப்பரில் போய் முட்டாமலிருக்க வில்லைக் கடினமாக்குவார்கள். எனவே வில்லின் பங்கு ஏற்கெனவே குறைந்துவிட்ட காரில் டயரின் பங்கையும் குறைப்பது இரட்டை இழப்பு. உயரம் குறைத்த காருக்கு இயன்றவரை உயரமான பக்கச்சுவர் வேண்டும் என்ற முடிவு இதிலிருந்தே வருகிறது. கடைகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேரெதிர்.

ஆனால் உயரமான சுவர் என்று மொத்த விட்டத்தைக் கூட்டிவிட முடியாது. தாழ்ந்த சக்கரக் கூட்டில் டயர் உரசும். திருப்பும்போதும் பின்னிருக்கை நிறைந்தபோதும் உரசுகிறதா என்று பார்த்தபின்னரே நெடும்பயணம் போகலாம். கனமான வளையமும் தவிர்க்கத்தக்கது. வில்லுக்குக் கீழேயுள்ள எடை கூடினால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் துள்ளி இறங்குவது உள்ளே தெரியும்.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைப் பேராயம் வகுத்த அளவு 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும். அந்த அளவில் கட்டியிருந்தால் தாழ்ந்த காரும் தப்பும். ஊர்ப்புறங்களில் பல வேகத்தடைகள் அகலத்தில் மிகக் குறுகியவை. 170 மி.மீ. தரை இடைவெளியுள்ள காரை 40 தாழ்த்தி, ஆள் ஏறி இன்னும் அமுங்கினால், 10 செ.மீ. மேடு எண்ணெய்த் தொட்டியைத் தேடி வருகிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும்போது இது முன்னே வரும்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்று அலாய் வளையத்தின் விளிம்பை அரிக்கிறது. டயர் பதியும் இடம் சொரசொரப்பாகி, காற்று மெல்லக் கசிகிறது. உயரமான டயர் காற்றுக் குறைந்தால் உப்பிக் காட்டிவிடும். தாழ்ந்த சுவர் டயர் பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் நிற்கும், அடுத்த பள்ளத்தில் வளையம் நெளிந்தபின்பே தெரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகுமுன், அளவி வைத்துக் காற்றைப் பார்ப்பது அங்கே வேண்டிய வேலை.