வல்வெட்டித்துறைக் கப்பல்களின் கட்டுவலிமை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், பாக்கு நீரிணையை நோக்கியிருக்கும் வல்வெட்டித்துறைக்கு இயற்கையான துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒதுக்கிடம் இல்லை. முருகைக்கற்பாரும் ஆழமற்ற கடலும் வாடைக்காலத்துக் கொந்தளிப்புமே அதற்கு வாய்த்தவை. அவ்வாறிருந்தும் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அவ்வூரார் தம் கடற்கரை மணலிலேயே கப்பல் கட்டி, நாகபட்டினத்துக்கும் மலையாளக் கரைக்கும் பர்மாவுக்கும் அவற்றைச் செலுத்தி வாணிகம் செய்தனர். இவ்வரலாறு பெரும்பாலும் வணிகத்தின் கதையாகவோ கடலோடிகளின் துணிவின் கதையாகவோ சொல்லப்படுகிறது. அவ்வணிகத்தையும் துணிவையும் சுமந்த மரக்கூடு எவ்விசைகளைத் தாங்கியது, எதனால் தாங்கியது என்ற கேள்வி அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை.

கட்டமைப்பியலின் நோக்கில், மிதக்கும் கப்பல் என்பது தாங்கிகள் ஓரிடத்தில் நில்லாத ஓர் உத்தரம். கப்பலின் மொத்த எடையும் நீரின் மொத்த மேலுதைப்பும் சமமாயிருப்பினும், நீளத்தின் ஒவ்வொரு பகுதியிலும் அவை சமமாயிருப்பதில்லை. முன்புறமாகிய அணியமும் பின்புறமாகிய அமரமும் ஒடுங்கியிருப்பதால் அங்கே நீரின் தாங்கல் குறைவு, நடுவிலோ மிகுதி. ஆகவே இரு முனைகளும் தாழ்ந்து நடுமுதுகு உயர முயல்கிறது. அலையின் முகடு நடுவே வரும்போது இவ்வளைவு கூடி, மேல்தளம் இழுவிசைக்கும் அடிமரம் அமுக்கவிசைக்கும் உள்ளாகின்றன. அலையின் பள்ளம் நடுவே வந்து முகடுகள் முனைகளைத் தாங்கும்போது அவ்விசைகள் இடம் மாறுகின்றன. அரிசி மூட்டைகளுடன் வங்காள விரிகுடாவைக் கடந்த கப்பலொன்று இம்மாற்றத்தை ஒரு பயணத்திலேயே எண்ணற்ற தடவை ஏற்றிருக்கும்.

பொருள்களின் வலிமை பற்றிய அறிவியலும் ஒரு கப்பற்கட்டுமிடத்திலிருந்தே தன் பேச்சைத் தொடங்கியது. 1638இல் வெளிவந்த இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூலில், வெனிஸ் நகரக் கப்பற்கட்டுமிடத்தை முன்னிறுத்திய கலிலியோ, பெருங்கப்பல் தன் எடையாலேயே முறியக்கூடும் என்பதால் அதற்குச் சிறு கப்பலினும் மிகுதியான முட்டுகள் கொடுக்கப்படும் வழக்கத்தைக் கூறி, அதன் காரணத்தை ஆராய்ந்தார். எல்லா அளவுகளையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்கே ஆகும் என்பதே அவர் விடையின் சாரம். உத்தரத்தின் முறிவுவலிமை அகலத்தின் விகிதத்திலும் உயரத்தின் இருமடியின் விகிதத்திலும் வளரும் என்பதையும் அவர் கண்டார். உத்தரத்தினுள் இழுவையும் அமுக்கமும் பிரியும் கோட்டின் இடத்தை மட்டும் அவர் பிழையாகக் கொண்டார். பின்வந்த அறிஞர்களான பாரன் 1713இலும் கூலோம் 1773இலும் அதைத் திருத்தினர். யாழ்ப்பாணத்துத் தச்சர் கூரையில் பனஞ்சலாகையைத் தட்டையாகக் கிடத்தாமல் விளிம்பில் நிறுத்தி ஏற்றியதும் உயரத்தின் இருமடி பற்றிய அவ்விதியின் கைப்பழக்கமான வடிவம்தான். ஓடாவி எனப்பட்ட மரக்கலத் தச்சனும் அடிமரமாகிய ஏராவை ஆழமாக அமைத்தபோது அவ்விதியையே கையாண்டான்.

மரத்தின் வலிமை எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நார் ஓடும் திசையில் இழுத்தால் தாங்கும் மரம், நாருக்குக் குறுக்கே இழுத்தால் அதிற் சிறுபங்கு விசையிலேயே பிளந்துவிடும். எனவே கப்பலின் விலா எலும்புகளாகிய வங்குகளை நேர்மரத்திலிருந்து வளைவாக அறுத்தெடுத்தால், வளைவின் நடுவே நார் அறுபட்டு அவ்விடமே முறிவுக்கு வாயிலாகும். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கவைகளையும் கிளைகளையும் தேடி எடுப்பதே இதற்கு வழி. கோணலாய்க் கிளைப்பதும் பூச்சி எளிதில் அரிக்காததுமான வேம்பு இத்தேவைக்கு ஏற்றதாயிருந்தது.

எனினும் மரக்கப்பலின் வலிமையைத் தீர்மானிப்பது மரத்தைவிட மூட்டுகளே. முழுநீளத்துக்கு ஒரே பலகை கிடைப்பதில்லை. துண்டுப் பலகைகளின் தலைப்புகள் ஒரே வங்கின்மேல் வரிசையாகச் சந்தித்தால் அக்கோட்டிலேயே கப்பல் திறந்துவிடும் என்பதால், அவை இடம் மாற்றிப் பொருத்தப்பட வேண்டும். அதனினும் நுட்பமானது, வளையும்போது அடுத்தடுத்த பலகைகள் ஒன்றன்மேலொன்று நீளவாட்டில் வழுக்க முயல்வது. ஒட்டப்படாத பலகை அடுக்கொன்று எளிதில் வளையும், வழுக்காதவாறு பிணைக்கப்பட்ட அதே அடுக்கோ ஒரே கட்டையாக நின்று எதிர்க்கும். இந்த வழுக்குவிசையே சறுக்குவிசை எனப்படுகிறது. ஆணிகள் அதில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. மற்றொரு பங்கைத் தாங்குவது, நீர் புகாமலிருப்பதற்கென்று மட்டும் பொதுவாகக் கருதப்படும் கலப்பத்து வேலை. பலகை இடுக்குகளில் நாரைக் கொட்டுளியால் இறுக அறைந்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தால் பூசும்போது, பலகை விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கி, அந்நெருக்கத்தின் உராய்வு வழுக்கலைத் தடுக்கிறது. கலப்பத்து தளர்ந்த கப்பல் ஒழுகுவதோடு முதுகும் வளைவது இதனாலேயே. அளவுக்கு மிஞ்சி அறைந்தாலோ பலகை வங்கை விட்டு விலக முயன்று ஆணிகள் தளரும். எவ்வளவு போதும் என்பதைக் கை மட்டுமே அறியும்.

பிரித்தானியக் கடற்படை இதே சிக்கலை வேறு வகையில் எதிர்கொண்டது. நாற்கோணச் சட்டம் மூலைகளில் மடங்கிச் சாயும், முக்கோணம் சாயாது என்ற அடிப்படையில் அதன் கப்பற்கட்டுநர் றொபர்ட் செப்பிங்ஸ் கப்பலினுள் குறுக்குச்சாய் மரங்களைப் பூட்டினார்; 1814இல் அவர் முறையை ஆராய்ந்து எழுதியவர், மீள்தன்மைக் குணகத்தால் இன்றும் அறியப்படும் தோமஸ் யங். பீரங்கிகள் சுமந்த நெடுங்கப்பல்களுக்கு அது இன்றியமையாததாயிற்று. கலிலியோவின் அளவு விதிப்படி, நூறு அடிக்குக் குறைந்த கப்பலில் அத்தேவை அவ்வளவாக நெருக்குவதில்லை.

திருகோணமலைக் கடற்படைத்தளத்தில் தலைமைக் கப்பற்கட்டுநராயிருந்த ஜோன் எடி 1834இல் வெளியிட்ட கட்டுரையில் சோழமண்டலக் கரைத் தோணி ஏறத்தாழ 70 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட தட்டையடிக் கலமாக விவரிக்கப்படுகிறது. ஏறத்தாழ நூறாண்டின் பின் வல்வெட்டித்துறையில் உருவான அன்னபூரணி என்ற இருபாய்மரக் கப்பலோ 89 அடி நீளமும் 19 அடி அகலமும் உடையது. நீளத்துக்கும் அகலத்துக்குமுள்ள விகிதம் மூன்றரையிலிருந்து நாலரைக்கு மேல் சென்றிருப்பது, ஐரோப்பியப் பாய்க்கப்பல்களைக் கண்டு கற்றதன் பயனாகலாம். ஒல்லியான உடல் விரைவைக் கூட்டுவதோடு வளைவிசையையும் கூட்டும்.

அக்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, தம் மனைவியின் பெயரால் ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் சுயஸ் கால்வாயையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்த அது, 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸின் குளொஸ்டரை அடைந்தது. கட்டமைப்பியலின் கண்ணுக்கு இப்பயணம் ஒரு சுமைச் சோதனை: பாக்கு நீரிணைக்கும் வங்கக் கடலுக்கும் என்று அமைந்த மூட்டுகள் வேறொரு சமுத்திரத்தின் நீண்ட அலைகளையும் தாங்கின. ஆயினும் இந்த ஒரு கப்பலைக் கொண்டு எல்லாக் கப்பல்களையும் அளப்பது முறையன்று. பிழைத்தவை பெயருடன் நிற்கின்றன, முறிந்தவை கணக்கில் ஏறுவதில்லை.

கணக்கீடின்றி அனுபவத்தால் வளரும் கட்டுமுறை, முந்திய கப்பலிலிருந்து சிறிதளவே விலகி அடுத்ததை அமைக்கும்போது பாதுகாப்பானது. அளவைத் திடீரெனப் பெருக்கும்போது அந்த அனுபவம் வழிகாட்டாது. நீராவிக் கப்பல்களும், 1905இல் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைத்த புகையிரதமும், 1948இன் பின் இறுகிய சுங்க எல்லையும் சரக்கைப் பறித்துக்கொண்ட காலத்தில், பெரிய கப்பலுக்கான தேவையும் எழவில்லை. இயந்திரம் பூட்டப்பட்ட மரக்கலங்களில் அலையைவிட விரைவாக, ஓயாது அதிரும் புதிய விசையொன்று சேர்ந்தது. அலையின் மெதுவான வளைவுக்கென்று இறுக்கப்பட்ட ஆணியும் கலப்பத்தும் அவ்வதிர்வில் விரைந்து தளர்வன.