நாலாம் நம்பர் வேலை செய்யலை, சார்

அம்பாசடரின் பானெட்டைத் தூக்கி, டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஒவ்வொரு இடமாகச் சொட்டிப் பார்க்கும் சோதனை காலமானது. ஒரே நாளில் போகவில்லை. படுத்த படுக்கையாகப் பல வருடம் கிடந்துதான் போனது.

“வண்டி மிஸ்ஸிங் ஆகுது” என்று ஓனர் வந்து நிற்பார். ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சற்று ஓடவிட்டு மெக்கானிக் சொட்டுவார். எரிகிற சிலிண்டரின் வாயில் துளி, தோசைக்கல்லில் தெளித்த மாதிரி ‘சுர்’ரென்று போகும். எரியாததன் வாயில் சத்தமில்லாமல் வழிந்து இறங்கும். “நாலாம் நம்பர் வேலை செய்யலை, சார். நீங்களே பாருங்க.” ஓனருக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். மூன்று இடத்தில் கேட்ட சத்தம் நாலாவது இடத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் பில்லில் தகராறு குறைவு.

செத்தவரின் குறையை இரங்கலில் சொல்வது வழக்கமில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்த பி-சீரிஸ். நாலு சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் வாசல் மூன்றே மூன்று. ஒன்றுக்கும் நாலுக்கும் தனி வாசல். இரண்டும் மூன்றும் நடுவில் கூட்டுக் குடித்தனம். நல்ல இன்ஜினிலேயே நடு வாசல் கூடுதலாகச் சுடும். இரண்டாம் நம்பர் படுத்துவிட்டாலும் மூன்றாவதன் சூடு அதை மறைத்துவிடும். துளியை மட்டும் நம்பி அனுப்பிய வண்டி மறுவாரமே திரும்பி வரும். கைதேர்ந்தவர்கள் இன்ஜினின் மறுபக்கம் போய்விடுவார்கள்; பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் அங்கேதான். ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கழற்றியதும் இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. சத்தம் மாறவே இல்லையா, ஆள் அகப்பட்டுவிட்டது. நடுவில் ஓரிரு ஷாக்கும் உண்டு.

இடம் தெரிந்தபின் காரணம். பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போடுவார்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான். போகாவிட்டால் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல், அல்லது டேப்பெட் இறுகிக் கருகிப்போன எக்ஸாஸ்ட் வால்வ். இரண்டும் மூன்றும் சேர்ந்து சோர்ந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். அதிகச் சூடும் நோய்தான்: கலவையில் பெட்ரோல் சற்றுக் குறைந்தால் சூடு ஏறும், ரொம்பக் குறைந்தால் பற்றாமலே குளிரும். நாலும் சிவக்கச் சுட்டால் டைமிங் பின்தங்கியிருக்கலாம்; கலவை வெளியேறும் வழியிலும் எரிந்துகொண்டிருக்கும்.

கொன்றது யார்? புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் ஆரம்பிக்கலாம். அதற்கு ஈயம் விஷம். 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றதும் கன்வெர்ட்டருக்குத் தடையில்லாமல் போனது. கார்புரேட்டர் போய், சிலிண்டருக்கொரு இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. மேனிஃபோல்டு தகட்டு மூடிக்குள் ஒளிந்துகொண்டது. இந்த வண்டிகளில் ஸ்பார்க்கை நிறுத்திப் பார்த்தால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே பொசுக்கிவிடும். 2014இல் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது.

இன்று ஸ்கேனரைச் செருகினால் ‘பி0302’ என்கிறது: இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். கிராங்க் ஷாஃப்ட் சுழற்சியில் வரும் சின்னத் தடுமாற்றத்தை வைத்தே கண்டுகொள்கிறது. நடு வாசல் குழப்பம் அதற்கில்லை. துல்லியத்தில் துளி தோற்றது. ஆனால் ஸ்கேனரும் இடத்தைத்தான் சொல்கிறது; காரணம் தேட இன்றும் காயிலை மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். ஓனர்தான் பக்கத்தில் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சோபாவில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். எஸ்டிமேட் அவர் போனுக்கு வருகிறது.

இன்னும் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் சிலர், துப்பாக்கி மாதிரி நீட்டினால் சூட்டை எண்ணில் காட்டும் இன்ஃப்ராரெட் கருவி வாங்கியிருக்கிறார்கள். அதிலும் நடு வாசலில் எண் கூடத்தான் வரும். அதைப் பார்த்துப் பதறி கார்புரேட்டரில் கை வைக்க வேண்டாம். முதலில் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், ரப்பர் பிடி போட்ட இடுக்கியால்.