பாரமகாலில் ஏழு ஆண்டுகள்

திருச்சபையில் தலைமைப் பொறுப்பு ஏற்போரைக் குறித்து நாம் பேசும்பொழுது, அவர்களது அழைப்பைப் பற்றியும், அபிஷேகத்தைப் பற்றியும், நெருக்கடிக் காலத்தில் அவர்கள் எடுத்த பெரும் தீர்மானங்களைப் பற்றியுமே பேசுகிறோம். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் வினவுவது அரிது. ஆயினும் தலைவனின் உள்ளம் வளர்வதும் வற்றுவதும் பெரும்பாலும் அத்தகைய காலைப்பொழுதுகளிலேயே என்பது நமது எண்ணம். இதற்குச் சான்றாக மிஷனெரி ஒருவரையல்ல, அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

மத்திகிரியும் ஓசூரும் அமைந்துள்ள மேட்டுநிலம் கிழக்கே சூளகிரியைக் கடந்தபின் கணவாய் வழியே கிருஷ்ணகிரிச் சமவெளிக்கு இறங்குகிறது. இன்று கர்நாடக எல்லை ஓசூருக்கு மேற்கே ஓடுகிறது. 1792-இலோ அரசியல் எல்லை இக்கணவாயை ஒட்டியே இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கணவாய்க்குக் கீழுள்ள பாரமகால் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. மேலேயிருந்த ஓசூர்ப் பகுதி 1799 வரை திப்பு சுல்தானின் ஆட்சியிலேயே இருந்தது. போரினால் அலைக்கழிக்கப்பட்ட அச்சமவெளியை நிர்வகிக்க காப்டன் அலெக்சாண்டர் ரீட் அமர்த்தப்பட்டார். அவருக்கு உதவியாக வந்த மூவரில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1761-இல் கிளாஸ்கோ நகரில் பிறந்து, 1780-இல் காலாட்படைப் பயிற்சியாளராகச் சென்னையில் வந்திறங்கியவர். வரி நிர்வாகத்தில் அவருக்கு எவ்விதப் பயிற்சியும் இல்லை. சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தர்கள் நாட்டு மொழிகளை அறியாதிருந்தமையால், ஓரளவு அறிந்திருந்த படைவீரர்களைக் காரன்வாலிஸ் பிரபு தெரிந்தெடுத்தார். மொழியறிவே அவரது முதல் தகுதியாயிற்று என்பதை இறையியல் மாணவர் கவனிப்பாராக.

தருமபுரியை நடுவிடமாகக் கொண்டு ஊர் ஊராகக் கூடாரமடித்துச் சென்று ஒவ்வொரு குடியானவனுக்கும் நிலவரியைத் தீர்மானிப்பதே மன்றோவின் வேலை. அவ்வேலையின் தன்மையைத் தம் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் விவரிக்கிறார். நாளில் ஒரு மணி நேரத்தையேனும் தமக்குரியதென்று சொல்ல இயலவில்லை. கடிதம் எழுதும் வேளையிலும் பத்துப் பன்னிரண்டு பேர் சூழ்ந்து நின்று பேசிக்கொண்டிருக்கின்றனர். ஒருவன் தன் தகப்பன் முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடனின் கதையைச் சொல்கிறான். மற்றொருவன் போர்க்காலத்தில் தான் ஊரில் இல்லாதபோது சகோதரன் சொத்தைக் கவர்ந்துகொண்டான் என்கிறான். வேறொருவனோ, தன் சிறந்த எருதைக் காட்டிலும் அதிகமாய் உழைத்து வந்த மனைவி இறந்துவிட்டபடியால் பழைய தீர்வையைக் கட்ட இயலாது என்கிறான். இவையனைத்தையும் உட்கார்ந்து கேட்கவேண்டியிருந்தது.

இக்கடிதத்தில் சலிப்பும் உண்டு, நகைச்சுவையும் உண்டு. நம்மில் குருமனையின் திண்ணையில் அமர்ந்து பழகியவர்கள் இக்காட்சியை உடனே அறிந்துகொள்வர். ஓசூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியபின் இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு வருபவரும், மாலைப்பணிக்குச் செல்லுமுன் நண்பகலில் வருபவருமாக அத்திண்ணைக்கு ஓய்வு குறைந்துள்ளது. பிரசங்க ஆயத்தத்தைக் கெடுக்கும் இடையூறுகள் என்று இவர்களை எண்ண நாம் எளிதில் பழகிவிடுகிறோம். மன்றோவுக்கு நிகழ்ந்தது வேறு. அவ்விடையூறுகளே அவரது பள்ளிக்கூடமாயின. மனைவியை இழந்த குடியானவனின் சொல்லைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடலாம். ஆயினும் ஒரு குடும்பத்தின் உழைப்பில் எவ்வளவு பங்கு பெண்ணுடையது என்னும் செய்தி அதில் அடங்கியுள்ளது. எந்தக் கணக்குப் புத்தகமும் அதைச் சொல்லியிராது. வரி மிகுதியாயிருக்கிறது, அதைக் குறைத்தாலன்றி நாடு தழைக்காது என்னும் முடிவுக்கு அவர் வந்தது இத்தகைய கேள்வியறிவினாலேயே.

ரீட் என்னும் மேலதிகாரிக்கும் இவ்வரலாற்றில் உரிய இடம் உண்டு. இன்று அவர் பெயரை நினைப்பவர் சிலரே. தம் உதவியாளர்கள் தமக்கு மாறான கருத்துகளை விரிவாக எழுதி அனுப்ப அவர் இடங்கொடுத்தார். நீண்டகாலக் குத்தகையா, ஆண்டுதோறும் தீர்மானமா என்ற விவாதம் கடிதங்களில் ஆண்டுக்கணக்காக நடைபெற்றது. 1796 டிசம்பரில், குடியானவர்கள் தாங்கள் விரும்பியதைத் தெரிந்துகொள்ளலாம் என்று ரீட் அறிவித்தார். ரயத்துவாரி முறை உருவானது ஒரு மேதையின் சிந்தையிலன்று, இத்தகைய கடிதப் போக்குவரத்தில்தான். உதவிகுருவின் மாறுபட்ட கருத்தைக் கீழ்ப்படியாமை என்று பெயரிடும் வழக்கம் நம்மிடையே முற்றிலும் ஒழிந்துவிட்டதென்று கூற நாம் துணியோம்.

மன்றோவைப் புனிதராக்க வேண்டுவதில்லை. அவர் வசூலித்த பணம் கம்பெனியின் கருவூலத்திற்கே சென்றது. ரயத்துவாரியின் கீழும் வரிச்சுமை குடியானவரை நெருக்கிற்று. 1807-இல் கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளுக்கு 25 சதவீதம் வரிக்குறைப்பு வேண்டுமென்று அவர் எழுதியதை மேலிடம் அப்போது ஏற்கவில்லை. பாரமகாலில் ஏழு ஆண்டுகள் செய்த வேலையும் நிலைக்கவில்லை. 1799-இல் அவர் விருப்பமின்றிக் கன்னடக் கடற்கரைக்கு மாற்றப்பட்டபின், சேலம் மாவட்டம் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டது. மிட்டாதாரர் பலர் கட்ட இயலாமல் வீழ்ந்தனர். தன் உழைப்பைப் பின்வந்தவர் கலைத்துப்போடுவதைக் காண்பது, இடமாற்றம் பெறும் ஒவ்வொரு போதகருக்கும் தெரிந்த துயரம். தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தை விட்டுப் பிரியும் வருத்தத்தையும் மன்றோ கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கலைக்க முடியாதது ஒன்று இருந்தது. அது அவருக்குள் உருவான பழக்கம். 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களின் வாயிலாகக் கிராமத் தலைவருக்கும் பஞ்சாயத்துக்கும் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் கிடைக்க அவர் முயன்று வென்றார். விடியற்காலம் முதல் அந்திவரை ஜனங்கள் சூழ நின்ற மோசேக்கு எத்திரோ கூறிய ஆலோசனை இங்கு நம் நினைவுக்கு வருகிறது. மன்றோவோ கூடாரத்தின் களைப்பிலேயே அதைக் கற்றார். 1820-இல் சென்னை ஆளுநரானபின், 1822-இல், பெல்லாரியில் ஒரு துணை ஆட்சியர் பதவியிலிருந்தபடியே மதப்பிரசாரம் செய்ததை அவர் கண்டித்தார். அதிகாரம் உடையவன் செய்யும் போதனை கேட்பவனின் சுயாதீனத்தைக் குலைக்கும் என்பதே அவரது கவலை. நமக்கு இது கசப்பாகத் தோன்றலாம். எனினும் தீர்வை கட்டுபவன் தன் எதிரில் எவ்வாறு நடுங்கி நிற்பான் என்பதைப் பார்த்த கண்கள் அவருடையவை. 1824 டிசம்பர் 31-ஆம் நாள் எழுதிய குறிப்பில், இந்தியரை உயர்பதவிகளினின்று விலக்கிவைப்பது அவர்களது ஒழுக்கத்தையே தாழ்த்துகிறது என்று வாதிட்டார். மத்திகிரியின் கால்நடைப் பண்ணை படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டதும் அதே 1824-இல்தான்.

பதவிக்காலம் முடிந்து தாயகம் திரும்ப வேண்டிய வேளையில், தாம் முன்பு பணியாற்றிய தெலுங்கு மாவட்டங்களை இறுதியாகப் பார்வையிட மன்றோ புறப்பட்டார். அவ்வழியில் 1827 ஜூலை 6-ஆம் நாள், பத்திகொண்டாவில் கூடாரத்தில் தங்கியிருந்தபோது, வாந்திபேதி கண்டு மரித்தார்.