காலிக் கல்லில் இல்லாத தெய்வம்

1411இல் இலங்கை ஆட்சியாளன் ஒருவன் குடும்பத்தோடு சிறைபிடிக்கப்பட்டுச் சீனத் தலைநகரான நாஞ்சிங்குக்குக் கொண்டு செல்லப்பட்டான். அவனைப் பிடித்தவர் மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே. இருபது ஆண்டுகள் கழித்து அந்த வெற்றிக்கு நன்றி சொல்லி அவர் கல் நட்டது ஒரு பெண் தெய்வத்துக்கு. தாவோயிய மறைநூல் ஒன்றின்படி அத்தெய்வத்தை மண்ணுலகுக்கு அனுப்பிவைத்தவர் லாவோ த்சு.

சி. மணி தமிழாக்கிய ‘தாவோ தே ஜிங்’ வழியாக லாவோ த்சுவை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆசையடங்கிய ஞானி, மௌனம், செயலற்ற செயல் என்றுதான் தாவோயியம் நமக்கு அறிமுகமாகியிருக்கிறது. சீனாவில் அதற்குக் குருமார்களும் கோயில்களும் உண்டு. பேயோட்டும் சடங்கு உண்டு, சாகா மருந்து தேடிய உலைக்களம் உண்டு, கப்பல் காக்கும் அம்மனும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் கரைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது தாவோயியமே.

அதன் தொடக்கம் மங்கலானது. ஏறத்தாழ கி.மு. 100இல் எழுதிய வரலாற்றாசிரியர் சீமா சியெனுக்கே லாவோ த்சு யாரென்று உறுதியாகத் தெரியவில்லை. சூ நாட்டில் பிறந்து சௌ அரசின் ஆவணக் காப்பாளராக இருந்தவர், நாடு சீர்குலைவதைக் கண்டு மேற்கு எல்லைக்குப் போனவர், அங்கே காவல் அதிகாரி கேட்டுக்கொண்டதால் நூலை எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்தவர் என்று கதையைச் சொல்லிவிட்டு, வேறு இருவரின் பெயரையும் சேர்த்துவிடுகிறார். மண்ணுக்கடியில் கிடைத்த சான்றுகள் இதைவிட உறுதியானவை. 1973இல் மாவாங்துயில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து நூலின் இரண்டு பட்டுப் பிரதிகள் வெளிவந்தன. 1993இல் குவோதியனில் கிடைத்த மூங்கில் ஏடுகள் கி.மு. 300 அளவில் புதைக்கப்பட்டவை; அவற்றில் நூலின் ஒரு பகுதிதான் இருக்கிறது. 81 அதிகாரங்கள் கொண்ட இன்றைய வடிவம் சிறுகச் சிறுகத் திரண்டிருக்க வேண்டும் என்பதற்கு இவை நல்ல சான்று.

நூல் சமயமாக மாறியதற்கு மரபு ஓர் ஆண்டையே குறிக்கிறது: கி.பி. 142. சிச்சுவான் மலையொன்றில் சாங் தாவோலிங் என்பவருக்கு லாவோ த்சு தெய்வ வடிவில் காட்சி தந்தாராம். அவர் தொடங்கிய இயக்கத்தில் சேர்ந்தவர்கள் ஐந்து படி அரிசி காணிக்கை தந்தார்கள். ஊர் வாயில் அதுவே இயக்கத்தின் பெயராயிற்று. நோய் என்பது செய்த தவறின் விளைவு. அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் தீரும் என்பது அவர்கள் நம்பிக்கை. 184இல் இதே போன்ற இன்னோர் இயக்கம் மஞ்சள் தலைப்பாகையோடு கிளர்ந்தெழுந்து ஹான் பேரரசையே ஆட்டிவைத்தது.

சித்தர் பாடல்களோடு பழகிய நமக்கு அடுத்த கட்டம் அந்நியமாகத் தோன்றாது. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற அறிஞர், சாதிலிங்கத்தையும் பொன்னையும் பக்குவப்படுத்திச் சாவை வெல்லும் வழிகளை விரிவாக எழுதிவைத்தார். தாங் அரசர்கள் லாவோ த்சுவைத் தம் முன்னோர் என்று உரிமை கொண்டாடியவர்கள். அவர்களில் சிலரின் சாவுக்கு அந்தக் குளிகைகளே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சாகாமலிருக்க மருந்து தேடிய அதே உலைகளின் பக்கத்தில்தான் வெடிமருந்தும் பிறந்தது. கந்தகம், வெடியுப்பு முதலியவற்றைக் கலந்து சூடாக்கியவர்களின் முகமும் வீடும் எரிந்துபோனதாகத் தாவோயிய நூலொன்று எச்சரிக்கிறது.

போகர் சீனர் என்றும், அவருடைய குரு காலாங்கி சீனத்துக்குப் போய் வந்தவர் என்றும் பழனி மரபு சொல்கிறது. கவர்ச்சியான கதைதான். ஆனால் போகர் பெயரில் வழங்கும் நூல்களின் தமிழ் மிகப் பிந்தியது. அவற்றை வைத்து யார் யாரிடம் கற்றார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தேதியோடு கிடைக்கும் செய்தி ஒன்று கதையை எதிர்த்திசையில் திருப்புகிறது. 648இல் சீனத் தூதர் வாங் சுவான்சே இந்தியாவிலிருந்து நாராயணசுவாமி என்ற வைத்தியரை அழைத்துப் போனார். தமக்கு இருநூறு வயது என்று சொல்லிக்கொண்ட அவரிடம், தாய்சோங் பேரரசர் நீண்ட ஆயுளுக்கு மருந்து செய்யச் சொன்னார். மருந்து பலிக்கவில்லை. அடுத்த ஆண்டே பேரரசர் இறந்தார்.

கல்வெட்டுச் சான்று தேடுவோர் போக வேண்டிய இடம் தென்சீனத் துறைமுகமான சுவான்சோ. அந்நகரின் சிங்யுவான் மலையடிவாரத்தில் சோங் காலத்து லாவோ த்சு, ஐந்து மீற்றருக்கும் மேலான உயரத்தில் ஒரே பாறையில் அமர்ந்திருக்கிறார். அதே நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது: சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. அந்தக் கான், குப்ளாய். அதே 1281இல்தான், பௌத்தரோடு நடந்த நீண்ட வழக்கின் முடிவில், ‘தாவோ தே ஜிங்’ தவிர்ந்த தாவோயிய நூல்களை எரிக்கும்படி அவர் ஆணையிட்டார். வழக்கின் வேரும் நம் பக்கத்தோடு தொடர்புடையது. மேற்கே போன லாவோ த்சு இந்தியாவை அடைந்து புத்தராக அவதரித்தார் என்று தாவோயியர் எழுதிவைத்த நூலைப் பௌத்தர் பொறுக்கவில்லை.

இனி அந்த அம்மன். புஜியான் கரையோரத்தின் மெய்சோ தீவில் 960இல் பிறந்ததாகச் சொல்லப்படும் லின் மோ, இளவயதிலேயே இறந்து கடலோடிகளின் காவல் தெய்வமானாள். மக்கள் அவளை மாசு என்று அழைத்தார்கள். குவான்யின்னை வேண்டித் தாய் பெற்ற பிள்ளை என்பது ஊர்க்கதை. குவான்யின் என்பவள் சீனத்தில் பெண்ணுருக் கொண்ட அவலோகிதேசுவரரே. திருகோணமலையிலிருந்து கடற்கரை வழியே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் வடக்கே உள்ள திரியாயில், பல்லவ கிரந்தப் பாறைக் கல்வெட்டு கடல் கடந்த வணிகரையும் அவலோகிதேசுவரரையும் சேர்த்தே பேசுகிறது. திருகோணமலைக் கரை வணங்கிய அதே காவலர் தென்சீனக் கடலில் மாசுவின் பிறப்புக் கதைக்குள் புகுந்துவிட்டார். தாவோயியர் அவளைப் பௌத்தத்திடம் விட்டுவிடவில்லை. கடலில் மூழ்குவோரைக் கண்டு இரங்கிய லாவோ த்சுவே ஒரு தெய்வ மங்கையைப் பிறக்கச் செய்தார் என்று பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனி மறைநூலே எழுதினார்கள்.

1409இல் மிங் பேரரசர் யோங்லே அவளுக்கு நீண்ட பட்டமொன்றைச் சூட்டினார். அதே ஆண்டின் தேதியோடு நாஞ்சிங்கில் பொறிக்கப்பட்ட கல்தான் செங் ஹே காலிக்குக் கொண்டு வந்தது. 1911இல் காலி கிரிப்ஸ் வீதியருகே ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த அதைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கின்றன. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று நீளும் பட்டியல்கள் ஏறத்தாழ ஒன்றே. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஒரு தளபதி, தமிழில் விஷ்ணுவைப் போற்றும் கல்லைச் சீனத்திலேயே வெட்டுவித்துக் கப்பலேற்றியிருக்கிறார்! கப்பலில் கூடவே வந்த அம்மனுக்கு மட்டும் அந்தக் கல்லில் இடமில்லை. அந்நிய மண்ணில் வணிகம் செய்ய வந்தவர் தம் தெய்வத்தைப் பறைசாற்றாமல் ஊர்த் தெய்வங்களைக் கும்பிட்டார். நல்ல இராசதந்திரம்.

அது வெகுநாள் நிலைக்கவில்லை. மிங் ஆவணத்தின்படி, பின்னர் சிறைபட்ட அந்த இலங்கை ஆட்சியாளன் அழகேசுவரன், செங் ஹேயை உள்நாட்டுக்கு வரவழைத்துப் பொன் கேட்டு, கப்பல்களைக் கைப்பற்ற ஐம்பதாயிரம் பேரை ஏவினான். செங் ஹே இரண்டாயிரம் பேரோடு திரும்பித் தலைநகரைத் தாக்கினார். எண்கள் வென்றவன் எழுதிய எண்கள். கொஞ்சம் குறைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

புஜியானின் சாங்லேயில் 1431ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நாட்டிய கல் வேறு குரலில் பேசுகிறது. புயலில் அம்மன் பெயரைச் சொன்னதும் பாய்மர உச்சியில் ஒளி தோன்றியது, இலங்கை மன்னனின் சதி அம்மன் அருளால்தான் வெளிப்பட்டது, அவன் உயிரோடு பிடிபட்டான் என்று வரிசையாகச் சொல்கிறது. அங்கே அந்த நன்றி புத்தருக்கும் இல்லை, நாயனாருக்கும் இல்லை. ஒரே பயணத்துக்கு இரண்டு கணக்கு: விருந்தினராக நட்டது ஒன்று, வீட்டுக்குத் திரும்பி நட்டது ஒன்று. காலிக் கல்லைச் சமய நல்லிணக்கச் சின்னமாகக் காட்டும் இன்றைய பேச்சுகளில் சாங்லேக் கல்லுக்கும் ஓரிடம் கொடுப்பதே நேர்மை.

1433க்குப் பிறகு அந்தப் பெருங்கப்பல்கள் வரவில்லை. மாசுவை மேலும் கடல் கடத்தியவர்கள் புஜியானின் ஏழைக் குடியேறிகள். சிங்கப்பூரில் அன்றைய கடலோரமாக இருந்த தெலுக் ஆயர் வீதியில் 1842இல் அவர்கள் கட்டி முடித்த தியான் ஹோக் கெங் கோயிலின் மூலவர் அவளே. அதே வீதியில், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூர் தர்கா ஒன்றை எழுப்பியிருந்தார்கள்.