அடிமைச் சாசனம் எழுத மறுத்த கை

கொடியவர் நடுவே நல்லவனாக வாழ்வது அரிது என்பார்கள். நல்லவர் என்று பெயரெடுத்தவர்களே, தெய்வ பக்தியில் குறைவற்றவர்களே, ஒரு மகா பாதகத்தை அன்றாட வழக்கமாக ஏற்று நடத்தும் ஊரில், அவர்களோடு கூடி வழிபட்டுக்கொண்டே அப்பாதகத்தில் கைந்நனையாமல் இருப்பது அதனினும் அரிது என்பது என் எண்ணம். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தையல் தொழில் செய்து ஜீவித்த ஜான் வுல்மனுக்கு வாய்த்தது இந்த இரண்டாவது சோதனை.

1720-ல் பிறந்த வுல்மன் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். குருமாரும் சடங்குகளும் இன்றி மௌனமாக அமர்ந்து இறைவனின் ஏவலுக்காகக் காத்திருப்பதே வழிபாடு என்று கொண்டு, ஒவ்வொரு மனிதனின் அந்தரங்கத்திலும் கடவுளின் ஒளி உண்டென நம்பி, ஆயுதம் ஏந்துவதைப் பாவம் என்று விலக்கிய அந்தச் சபையாருள் பலர், தங்கள் வீடுகளிலும் வயல்களிலும் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். 1688-லேயே ஜெர்மன்டவுன் ஊரார் நால்வர் இது தகாதென்று விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டனர். அது சபைக்கு மேல் சபையாக அனுப்பப்பட்டு, முடிவு காணாமலே கிடந்தது. 1738-ல் பெஞ்சமின் லே என்பவர், பழச்சாறு நிரப்பிய பை ஒன்றைப் புத்தகத்தினுள் மறைத்துச் சபைக்குக் கொண்டுவந்து, வாளால் குத்தி, அந்தச் செஞ்சாற்றை இரத்தம்போல் அருகிருந்தோர்மேல் தெறிக்கச் செய்தார். அவரைச் சபை தன்னவரல்லர் என்று ஒதுக்கியது. லேயின் ஆவேசத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் வுல்மன் சென்ற வழி வேறு.

நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹோலியில் ஒரு கடையில் சம்பளத்துக்கு அமர்ந்திருந்த இளம் பிராயத்தில், முதலாளி தாம் விற்ற அடிமைப் பெண் ஒருத்திக்குக் கிரயச் சீட்டு எழுதும்படி அவரைப் பணித்தார். வாங்குகிறவர் எதிரே காத்திருந்தார். அவரும் அதே சபையின் முதியவர். முதலாளியின் சொல்லைத் தட்ட மனம் துணியாமல் வுல்மன் எழுதிவிட்டார். ஆனால் அடிமை வைத்திருப்பது கிறிஸ்து சமயத்துக்கு ஒவ்வாதது என்று தாம் கருதுவதை அவ்விருவர் முன்னிலையிலேயே சொல்லவும் செய்தார். சொன்னதால் மனபாரம் சற்றே குறைந்ததன்றித் தீரவில்லை. எழுத முடியாதென்று விலகியிருந்தாலன்றோ தம் கை தூயதாயிருக்கும் என்ற நினைவு பின்னும் அவரை வருத்தியது.

உயிலும் பத்திரமும் எழுதும் வேலை அக்காலத்தில் வரும்படியும் மதிப்பும் தந்த வேலை. அடிமைகளோ சொத்துக் கணக்கில் சேர்ந்தவர்கள். ஒருமுறை, பலத்த அடிபட்டுப் படுத்திருந்த அயலார் ஒருவர், அக்கால வைத்திய முறைப்படி தமக்கு இரத்தம் எடுத்துவிடும்படி வுல்மனை அழைத்தார். அது முடிந்ததும் உயில் எழுதச் சொல்லி, தம்மிடமிருந்த இளம் அடிமைப் பெண் இன்ன பிள்ளைக்கு என்றும் கூறினார். வலியால் துடிக்கும் மனிதர். முடிவு எப்படியாகுமோ தெரியாத நிலை. மறுத்தால் இரக்கமின்மை, இசைந்தால் துரோகம். வுல்மன் மற்றப் பகுதிகளையெல்லாம் எழுதி, அடிமையைப் பற்றிய ஷரத்தை மட்டும் விட்டுவிட்டு, கட்டிலருகே சென்று படித்துக் காட்டினார். சக மனிதரை அடிமையாக்கும் சாசனத்தை எழுதத் தம் மனம் இடந்தராதென்றும், எழுதியவற்றுக்குக் கூலி வேண்டாமென்றும், எஞ்சியதிலிருந்து தம்மை விடுவிக்க வேண்டுமென்றும் சிநேகபாவத்தோடு சொன்னார். இருவரும் நெடுநேரம் மனம் விட்டுப் பேசிய பின், நோயாளி அப்பெண்ணை விடுதலை செய்ய இசைந்தார். வுல்மன் உயிலைப் பூர்த்தி செய்தார். வுல்மனின் வாழ்க்கை முழுவதிலும் இதைக் காட்டிலும் என்னை உருக்கும் சம்பவம் வேறில்லை. நோயாளியையும் அவர் கைவிடவில்லை, அந்தப் பெண்ணையும் கைவிடவில்லை.

1757-ல் மேரிலாந்து, விர்ஜீனியா, கரோலினா பக்கமாகப் பிரயாணம் செய்தபோது, இரவு தங்கிய அன்பர் வீடுகளில் அடிமைகளின் உழைப்பால் வந்த சோற்றை இலவசமாக உண்பது அவருக்குப் பெரும் வேதனையாயிற்று. ஆகவே புறப்படும்போது வெள்ளிக் காசுகளை வீட்டாரிடம் கொடுத்து ஊழியம் செய்தவர்களுக்குப் பங்கிடும்படி வேண்டினார். சில இடங்களில் தாமே அவர்கள் கையில் கொடுத்தார். விருந்தளித்தவர் முகம் வாடக்கூடும் என்பதை அறியாதவரல்லர், அறிந்தே செய்தார். ஊரில் செழித்து வந்த தம் கடை வியாபாரத்தையும், அது மனத்தை முழுவதும் கவர்ந்துகொள்ளும் என்று அஞ்சி, படிப்படியாக விட்டுத் தையலோடு அமைந்தார். சாயம் அழுக்கை மறைக்கும் வீண் ஆடம்பரம் என்றெண்ணிச் சாயமிடாத உடையும் தொப்பியும் தரித்தார். அச்சமயம் அத்தகைய தொப்பி நாகரிகப் பிரியர்களிடையே பரவியிருந்ததால், இவரும் அந்த மோகத்தில் விழுந்தாரோ என்று சபையாரே சந்தேகித்தது அவருக்கு மேலும் ஒரு துன்பம்.

1758-ல் பிலடெல்பியாவில் கூடிய வருடாந்தர சபையில், அடிமை விஷயத்தில் இன்னும் பொறுத்திருப்போம் என்று பலர் தயங்கியபோது, வுல்மன் எழுந்து பேசினார். அடிமை வைத்திருக்கும் சபையாரை வீடு வீடாகச் சென்று கண்டு பேச ஒரு குழுவை அந்தச் சபை நியமித்தது. அவரும் அதில் ஒருவர். கசப்பான வரவேற்பையும் பாராமல், அவர் பல்லாண்டு அந்த வீடுகளின் படிகளை ஏறி இறங்கினார்.

1772-ல் இங்கிலாந்து சென்றவர், அஞ்சல் வண்டிகளில் குதிரைகளும் சிறுவர்களும் படும் பாட்டைக் கேள்வியுற்று, அவற்றில் ஏறாமல் நடந்தே ஊர் ஊராகச் சென்று, அக்டோபர் மாதம் யார்க் நகரில் அம்மை நோயால் காலமானார். 1776-ல் பிலடெல்பியா சபை, அடிமைகளை விடுவிக்க மறுப்போர் தன் அங்கத்தினராக இருக்கலாகாது என்று தீர்மானித்தது. அவர் பிறந்த நியூ ஜெர்சியோ 1804-ல்தான் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அங்கே எஞ்சியிருந்த சிலர் விடுதலை பெற 1865 வரை காத்திருக்க நேர்ந்தது.