லைன் லயமான கதை

ஆங்கிலத்தில் 'லைன்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லப் புகுந்தால் லேசில் முடியாது. கோடு, கவிதையில் ஒரு வரி, கடை வாசலில் நிற்கும் வரிசை, தூண்டில் நூல், ரயில் பாதை, தொலைபேசித் தொடர்பு, நடிகர் பேச வேண்டிய வசனம், ஒருவர் பார்க்கும் தொழில், ஒரு வம்சம் வந்த வழி. கிரிக்கெட் வர்ணனையாளருக்கோ பந்து போகும் திசை. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. கோடு, வரி, வரிசை, நிரை, இழை, தடம், மரபு என்று இடத்துக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ள வேண்டும். வேரைத் தேடிப் போனால் லத்தீனின் 'லினம்' வரும். ஆளிச்செடி என்று பொருள். அதன் நாரில் திரித்த நூலைப் பிடித்து இழுத்தால் நேர்கோடு கிடைத்தது. அங்கிருந்துதான் மற்ற எல்லாம்.

இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வந்தால் இவற்றோடு இன்னொரு பொருளும் சேர்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் இடம். அங்கே அதன் பெயர் லயம். படித்தவர்கள் எழுதும்போது 'லயன் அறை' என்பார்கள். தோட்டத்தில் லயம், லயத்துக் காம்பரா.

குதிரை கட்டும் 'லாயம்' என்ற சொல்லிலிருந்துதான் இது வந்தது என்று சாதிப்பவர்கள் உண்டு. மனிதரைக் குதிரை போலக் கட்டி வைத்தார்கள் என்ற கோபத்துக்கு அந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் நான் அதை நம்பவில்லை. மூணாறில் மலையாளிகளும் லயம் என்கிறார்கள், மலேசியாவின் ரப்பர் தோட்டத் தமிழரும் லயம் என்கிறார்கள், அசாமில் தமிழே தெரியாத தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பும் 'லைன்'தான். இத்தனை ஊருக்கும் பொதுவாக இருந்தது குதிரை அல்ல, வெள்ளைக்காரன்.

அவனுக்கு இந்தச் சொல் பட்டாளத்திலிருந்து கிடைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் கண்டோன்மெண்டுகளில் சிப்பாய்களின் குடிசைகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசைகளைத்தான் 'லைன்ஸ்' என்றார்கள். சிங்கப்பூரில் ஒரு வட்டாரத்துக்கே 'சிப்பாய் லைன்ஸ்' என்று பெயர் விழுந்தது. டில்லியிலும் அலகாபாத்திலும் அதே சொல் மேல்தட்டுக்குப் போய் 'சிவில் லைன்ஸ்' ஆயிற்று. அகலமான தெரு, மரநிழல், தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். அலகாபாத்தில் லைனில் குடியிருக்கிறேன் என்றால் மரியாதை. ஹட்டனில் அதையே சொன்னால் கேட்பவர் முகம் வேறு மாதிரி ஆகும்.

இலங்கையில் கோப்பித் தோட்டங்களைத் தொடக்கியவர்களுக்கும் பட்டாளத்துக்கும் தூரம் அதிகமில்லை. 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டார். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் வாட்டர்லூவில் போரிட்ட தளபதி. கண்டி வீதியைப் போட்டவரும், கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பி பயிரிட்டவரும் அவர்தான். அவரைப் பார்த்து இராணுவ அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் காணி வாங்கினார்கள். அவர்களோடு அவர்களுடைய பேச்சும் மலையேறியது. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு இன்றும் பெரட்டுக்களம் என்றுதான் பெயர். பெரட்டு என்பது 'பரேட்'. தப்பு அடித்து எழுப்பி, பெரட்டுக்களத்தில் நிறுத்தி, வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவன், ஆட்களைப் படுக்க வைக்கும் இடத்துக்கு லைன் என்று பெயர் வைத்தது ஆச்சரியமில்லை.

கோப்பிக் காலத்து லயம் இன்று நாம் பார்ப்பது போன்றதல்ல. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் அறுவடைக் காலத்தில். மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து, ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணியோடு வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வேலை முடிந்ததும் திரும்பிப் போனார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். சில மாதங்கள் தங்குகிறவனுக்கு எதற்குச் சுவர் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் நினைத்தார்கள். மண்ணும் கம்பும் புல்லும் போதுமென்று விட்டார்கள். காட்டை எரித்த சரிவில் கயிறு இழுத்து, முளைக்குச்சி அடித்து, கன்று நடும் குழிகளுக்கு அடையாளம் வைப்பது அப்போதைய முதல் வேலை. ஆங்கிலத்தில் அதற்கும் 'லைனிங்' என்றுதான் பெயர். செடிக்கு ஒரு லைன், ஆளுக்கு ஒரு லைன்.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி போயே போய்விட்டது. தேயிலைக்குப் பருவமெல்லாம் கிடையாது. வாரத்துக்கு வாரம் கொழுந்து வரும், வருடம் முழுக்க விரல்கள் வேண்டும். அதிலும் பெண்களின் விரல்கள். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து நிலைத்தார்கள். 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. கல்லும் சுண்ணாம்பும் தகரமும் கொண்டு லயம் நிலையான கட்டடமானது இந்தக் காலத்தில்தான். தற்காலிகக் கொட்டகையின் வரைபடம் மாறவில்லை. சுவர் மட்டும் நிரந்தரமானது. மலையகத்தின் பாதி வரலாறு இந்த ஒரு தீர்மானத்துக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கணக்குப் பார்த்தால் துரைக்கு இதைவிட மலிவான கட்டடம் இல்லை. சரிவில் ஒரே ஒரு தட்டு வெட்டினால் போதும். பத்துக் காம்பராவுக்கு ஒரே கூரை, இரண்டு காம்பராவுக்கு நடுவே ஒரே சுவர். ஒவ்வொன்றும் 10 அடிக்கு 12 அடி. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டி மறுபக்கம் இன்னொரு பத்து. பின்சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, அதற்கு முன்னால் வாசல், வாசலைத் தாண்டிக் கான் என்ற வடிகால். தண்ணீருக்குப் பீலிக்கரை. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரை போகாது. மூன்றாம் காம்பராவில் மிளகாய் வறுத்தால் ஏழாம் காம்பராவில் இருமுவார்கள். புருஷன் பெண்சாதி சண்டைக்கு லயம் முழுவதும் சாட்சி. நெருப்புக்கும் அதே வழிதான்: ஒரு காம்பராவில் மின்கம்பி பொறி விட்டால் கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, தொங்கல் காம்பராவில்தான் நிற்கும். 'லயன் தொகுதி தீக்கிரை, 12 குடும்பங்கள் நிர்க்கதி' என்ற வகைச் செய்தியை வருடந்தோறும் பத்திரிகையில் பார்க்கிறோம். குடும்ப எண்ணிக்கை மாறும், தோட்டத்தின் பெயர் மாறும்.

இந்தக் கட்டடத்தின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே இலங்கையை ஆண்டவர்களின் வரிசை வந்துவிடும். காம்பரா போர்த்துக்கீசியரின் 'கமரா'. இஸ்தோப்பு ஒல்லாந்தரின் 'ஸ்தூப்'. லயம் இங்கிலீஷ்காரனுடையது. தோட்டத்தில் யார் எங்கே படுப்பார் என்பதற்கும் இரவல் சொற்களே அளவுகோல்: துரைக்குப் பங்களா, கிளாக்கர் ஐயாவுக்குக் குவாட்டர்ஸ், பெரட்டுக்கு வருகிறவருக்கு லயம். மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்ல முடியாது. அகராதிக்காரர் இவற்றை ஒரு பொருட் பன்மொழி என்று எழுதினால் தோட்டத்தில் சிரிப்பார்கள்.

'லைன்' என்பதற்கு நேர்த் தமிழான நிரை வேறு ஒன்றுக்காகப் புழக்கத்தில் இருக்கிறது. தேயிலைச் செடிகளின் வரிசைக்கு நிரை என்று பெயர். காலையில் கங்காணி நிரை பிடித்துக் கொடுப்பார். நல்ல நிரை யாருக்கு, முள்ளும் கல்லும் கிடக்கிற நிரை யாருக்கு என்பதில் மனஸ்தாபம் வரும். வேலை செய்யும் வரிசையைத் தங்கள் சொல்லால் கூப்பிட்டார்கள், தூங்கும் வரிசையைத் துரையின் சொல்லால். ஆனால் துரையின் சொல்லையும் அப்படியே விட்டுவிடவில்லை. மேட்டு லயம், பணிய லயம், கோயில் லயம், இஸ்டோர் லயம் என்று ஆளுக்கு அடையாளம் சொல்லும் ஊர்ப் பெயராக ஆக்கிக்கொண்டார்கள். கலியாணப் பந்தல், சாவு வீடு, ஆடி மாதக் கூழ், எல்லாம் நடப்பது அந்த வாசலில்தான்.

காம்பரா யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் மாறவில்லை. தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் காம்பரா. பெயர் போனால் காம்பராவும் போகும். தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடமையாயின, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் எசமான் மாறினார். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். மறு வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. அவர் எழுதிய நாவல் ஒன்றின் பெயர் 'வீடற்றவன்'. நாட்டை இழந்ததையும் வீடு இல்லாததையும் அவர் ஒன்றாகவே பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பிறகு 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. லயத்தில் பிறந்தவர்களில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. சரிவில் தட்டு வெட்டி வரிசையாகக் கட்டியதன் இன்னொரு விலை அது. அதன் பிறகு தனி வீட்டுப் பேச்சு வேகமெடுத்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய பிரதமர் மோடி இன்னும் 10,000 என்றார். ஒரு வீடு 550 சதுர அடி. லயத்துக் காம்பரா 120. காணி 7 பேர்ச். தமிழ்நாட்டுக் கணக்கில் நாலரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அதைத் 'தனி வீடு' என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இதற்கு வெறும் 'வீடு' போதும்.

2023இல் மலையகத்தின் 200 வருடத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பழைய பாதையில் நடந்தவர்கள் காணியுரிமையையும் வீட்டுரிமையையும் கேட்டார்கள். லயங்கள் இன்னும் நிற்கின்றன. தனி வீட்டுக்குப் போகிற குடும்பம் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்பார்கள். கலியாணம் முடித்த மூத்த மகன் அங்கேயே இருந்துகொள்வதும் நடக்கிறது. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கும், இஸ்தோப்பை மறைத்துத் தகரம் அடித்து இன்னொரு காம்பரா எடுத்திருப்பான்.