தாலாட்டும் ஜோகுளமும்

அந்தி மயங்கியதும் மைசூரில் வாழும் தமிழர் இல்லத்தில் குழவி சிணுங்குகிறது. அன்னை ‘ஆராரோ’ என்கிறாள்; அண்டை வீட்டுக் கன்னட மூதாட்டியோ ‘ஜோ ஜோ’ என்கிறாள். ஒருத்தி ஆட்டுவது தொட்டில். மற்றவள் மொழியில் அதுவே தொட்டிலு.

‘தால்’ என்பது நா. நாவசைத்துப் பாடுதலின் தாலாட்டு ஆயிற்று என்பர். 9-ஆம் நூற்றாண்டினரான பெரியாழ்வார் யசோதையாகி நின்று கண்ணனைத் தாலாட்டினார். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் ‘தால்’ ஒரு பருவமாக அமைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் அக்கண்ணனையே கன்னட ஜோகுளத்தால் துயிற்றினார். ஒரே பிள்ளைக்கு இரு மொழிகளும் பாடின.

பொருள் அறியாத குழவி பழகிய குரலையும் சீரான ஓசையையும் கேட்டே அடங்குகிறது. ஆயினும் நாட்டுப்புறத் தாய்மார் அப்பாட்டிலே மாமன் கொணரும் சீரையும் அத்தையின் அன்பையும் அடுக்கினர். ஊரில் அவ்வுறவினர் தொட்டிலருகே இருந்தனர். நாமோ அவர்களை நெடுந்தொலைவில் விட்டு வந்தோம். நம் குழந்தைக்கு அவர்களை முதலில் அறிவிப்பது தாலாட்டே. அண்டை வீட்டு ஜோகுளத்தை நன்றியுடன் ஏற்போம். நம் பாட்டியர் பாட்டையும் மறவாது பாடுவோம்.